மூன்றாம் பங்கில் வந்த சேதி

உலகத்துத் துறைமுகக் காவற்காரர்களிலேயே ஆபத்தை நேராகச் சொல்ல மறுத்தவர் எங்கள் வோச்சர் அண்ணை ஒருவர்தான். திருகோணமலைத் துறைமுகமே தீப்பிடித்தாலும் அவர் முதலில் சந்தம் பார்ப்பார்.

எல்லாம் ஒரு ஜேர்மன் மாலுமி விட்டுப்போன ஆங்கிலப் புத்தகத்தால் வந்த வினை. எண்ணூறு வருடங்களுக்கு முன் அந்த மாலுமியின் நாட்டில் பாடிய காதல் பாட்டுகளைப் பற்றியது. அதில் ஒருவகைப் பாட்டில், களவாகச் சந்தித்த காதலரை விடிந்ததும் எச்சரிப்பவன் கோட்டைக் காவற்காரன்.

“பாரும் தம்பி, எங்கட உத்தியோகத்துக்குப் பாட்டுக் கட்டியிருக்கிறாங்கள்!” என்று துள்ளினார்.

அன்றிலிருந்து எந்தச் சேதியும் அந்தப் பாட்டின் அச்சில், மூன்று பங்காகத்தான். முதல் இரண்டு பங்கும் ஒரே மெட்டு, ஒரே இயைபு. மூன்றாவது பங்கு வேறு வழியில் திரும்பும். விஷயம் அதில்தான் வரும். கோதுமை மா மூட்டைகள் மழையில் நனைந்த அன்று முதல் பங்கில் மேகம், இரண்டாவதில் மின்னல். மூன்றாவது முடிந்து நாங்கள் ஓடிப்போனபோது மா ரொட்டி சுடும் பதத்தில் இருந்தது.

இப்பேர்ப்பட்டவரைத்தான் என் காதலுக்குக் காவல் வைத்தேன். எங்கள் துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்த யோகத்தை, காலையில் அது திறக்குமுன் பண்டகசாலைக்குப் பின்னால் சந்திப்பேன். அவளுடைய அப்பா எங்கள் பெரிய கிளாக்கர்.

“அண்ணை, அவர் வந்தால் ‘வாறார்’ எண்டு சொன்னால் காணும்.”

“ஏலாது தம்பி. ரெண்டு பங்கு முடியாமல் எப்பிடிச் சொல்லுறது?”

பாலையூற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் யோகத்தைப் பார்க்க வரவிருந்த நாள் அது.

“இண்டைக்கு அப்பாட்டக் கேளுங்கோ. இல்லாட்டி நான் அந்த ஆளுக்கு ஓமெண்டு சொல்லவேண்டிவரும்” என்று யோகம் அழுதாள். எனக்கோ பெரிய கிளாக்கரிடம் லீவு கேட்கவே நாக்கு எழும்பாது. அப்போது பாட்டுக் கேட்டது.

“கடல் சிவக்குது, காகம் பறக்குது!”

“ஓடுங்கோ!” என்றாள் யோகம். மூன்றாவதைக் கேட்காமல் எந்தப் பக்கம் ஓடுவது?

“படகு அசையுது, பாயும் திறக்குது!”

பண்டகசாலைச் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

“பெரியவர் என்ர பக்கத்திலேயே நிக்கிறார்!”

நின்றார்தான். மடித்த குடையோடு, பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு. ஒளிய இடமில்லை. வேறு வழியில்லாமல் அவர் முன்னால் போய், “ஐயா, யோகத்தை எனக்குக் கட்டித் தாங்கோ” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அழுத மகளைப் பார்த்தார்.

“இதைக் கேக்கப் பாட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டோ வந்தனீர்? பின்னேரம் தாய் தகப்பனோட வீட்டை வாரும்” என்றவர், வோச்சரிடம் திரும்பினார். “பாலையூற்றாருக்கு வரவேண்டாமெண்டு நான் சொல்லியனுப்புறன். நீர் போகவேண்டாம். நீர் பாடி முடிக்கிறதுக்குள்ள அவை இஞ்ச வந்திடுவினம்!”

கலியாணத்தன்று அண்ணையைப் பிடித்தேன். “காவற்கூண்டில நிண்டால் வீதி முழுக்கத் தெரியுமே. அவர் பக்கத்தில வருமட்டும் ஏன் பாடேல்லை?”

“அந்தப் பாட்டுகளில விடிஞ்சால் சோடி பிரிஞ்சுபோகும், தம்பி. எனக்கு அது பிடிக்கேல்லை” என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு எத்தனையோ ஆயிரம் தடவை விடிந்துவிட்டது. பக்கத்தில் யோகம் இருக்கிறாள். அண்ணையை நினைக்காமல் நான் ஒருநாளும் எழும்பியதில்லை.