டாக்டர் ஜெயந்தினியும் டங்ஸ்டன் மாமாவும்

மரியாதைக்குரிய மஸ்கெலியா மச்சான் ஆண்டியப்பன் அவர்களுக்கு, இறம்பொடைத் தோட்டத்திலிருந்து செல்லசாமி எழுதுவது. நானும் உங்கள் தங்கை நாகலெட்சுமியும் மாரியம்மன் தயவில் சுகம். உங்கள் சுகத்தையும், முக்கியமாக உங்கள் கோபம் தணிந்த செய்தியையும் அறிய ஆவல்.

மச்சான், நம் பிள்ளை ஜெயந்தினி டாக்டராகிவிட்டாள்! ஊசி போடும் டாக்டர் இல்லை, அதைவிடப் பெரியது. ஜெர்மனியில் சூரியனைப் போன்ற ஒரு நெருப்பைப் பாத்திரம் தொடாமல் காந்தத்தாலேயே கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சுவரிலிருந்து டங்ஸ்டன் என்ற கனத்த உலோகம் பொடியாகப் பெயர்ந்து, நைசாக உள்ளே நுழைந்து, நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, சூட்டையெல்லாம் வெளியே வாரி இறைத்து நெருப்பையே அணைத்துவிடுமாம். அது ஏன் நடுவுக்குப் போகிறது, எப்படி விரட்டுவது என்பதுதான் பிள்ளையின் இத்தனை வருடப் படிப்பு.

லீவில் வந்த பிள்ளை திரும்பிப் போக விசா இழுத்தடித்ததால் கடைசிப் பரீட்சையை இங்கிருந்தே போனில் எழுந்தருளச் செய்தோம். நம் லயத்து வீடுகளுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் காமன் பொட்டல், அன்றைக்கென்று அந்தத் திடலில் காமன் கூத்து, சாமி காரியத்தைத் தள்ளிப்போட முடியுமா, வெள்ளைக்காரப் பேராசிரியரையும் தள்ளிப்போட முடியாது, ஆகவே பிள்ளை சாயங்காலம் தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னாள். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் அவர், "கணக்கு போதும், என் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்" என்று கேட்டாராம். பிள்ளை போனைப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தாள். உங்கள் தங்கை மஞ்சள் துணியில் காசு முடிந்தாள்.

அப்போதுதான் ஒருவர் தள்ளாடிக்கொண்டு ஆட்டத்துக்குள் நுழைந்தார். கூட்டம் நடுவை நோக்கி நெருக்கிக்கொண்டிருந்ததால் அவரை ஓரத்தில் நிற்கவிடாமல் இடித்து இடித்து உள்ளேயே கொண்டுபோனது. அவர் நடுவில் நின்று தத்துவம் பேச, ஆட்டமே ஆறிப்போனது. தப்புக்காரர்கள் தோலைத் தீயில் காய்ச்சி, சூடேற்றி, விட்டார்கள் ஒரு அடி! நடுவில் நின்றவர்கள் சுழன்ற சுழற்சியில் அவர் வெளியே பறந்து தேயிலைச் செடிக்குள் விழுந்தார். பிள்ளை போனை அந்தப் பக்கம் திருப்பி, "இவருதான், சேர், டங்ஸ்டன்! கூட்டம் உள்ள இழுக்குது, நடுவுல சூடேத்துனா வெளிய தள்ளுது" என்றாளாம். பேராசிரியர் சிரித்தபடியே பாஸ் போட்டுவிட்டார்.

அது கூத்துக்கு வந்திருந்த நீங்கள்தான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது; உங்களுக்கு ஞாபகம் இருக்காது என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன். மறுநாள் லயமே பார்க்க நான் உங்களை ஏசியது உண்மை. "நானா? என்னையா சொல்றீங்க?" என்று நீங்கள் துண்டை உதறிவிட்டு ஹட்டன் பஸ் ஏறியதும் உண்மை. எல்லாவற்றையும் பெரிய மனது பண்ணி மன்னிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைக்குப் பாராட்டு. உங்களுக்கும் ஒரு மாலை சொல்லியிருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் மேடையில் தாய்மாமன் இடம் காலியாகக் கிடக்கும், பிள்ளை அழுவாள். அத்தாச்சிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
டாக்டரின் தகப்பன்
செல்லசாமி

பி.கு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தவள், பேராசிரியர் அனுப்பிய வீடியோவைப் போட்டாள். "நல்லா பாருங்கப்பா, டங்ஸ்டன் நீங்க. மாமா ஒங்கள இழுத்துட்டுப் போகத்தான் உள்ள வந்தாரு." பார்த்தேன். நான்தான். அன்று குளிர் அதிகம், மச்சான், குளிருக்குப் போட்டதும் அதிகம். ஆகவே அந்த மாலை எனக்கு. நீங்கள் அவசியம் வந்து உங்கள் கையால் போட்டுவிட வேண்டும்.