இரண்டெழுத்துத் திருத்தம்

பழைய பொருள் விற்கும் செயலியில் விளம்பரம் போட்டு ஒன்பது நாளாகியும் கட்டிலுக்கு ஒரே ஒரு அழைப்புதான் வந்தது. அதுவும் விலை கேட்கவில்லை.

"அவர் அதுலயேவா போனார்?" என்று கேட்டது அந்தக் குரல்.

"ஆமாங்க."

"சரிங்க." வைத்துவிட்டது.

விளம்பரம் போட்டவருக்கு அச்சகத்தில் புள்ளி என்று பெயர். மெய்யெழுத்தின் தலையில் விட்டுப்போன புள்ளியைத் தேடிப் பிடித்து வைப்பதுதான் இருபத்திரண்டு வருட உத்தியோகம். தப்பாக ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுவைக்காதவர் விளம்பரத்தில் மட்டும் எப்படிப் பொய் எழுதுவார்? கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில்; எங்கள் வீட்டில் ஐம்பத்தெட்டு நாள் பயன்படுத்தியது; பயன்படுத்தியவர் காலமானார்; விலை பதினெட்டாயிரம். நாலு முறை படித்துப் பார்த்துத்தான் போட்டார். ஒரு பிழை கிடையாது.

கட்டில் போயாக வேண்டும். காசுக்காக அல்ல. அப்பா போய் இரண்டு மாதமாகியும், தினமும் மாலை ஐந்து மணிக்கு அம்மா கட்டில் கிடக்கும் அறைக்குள் போய்க் கைப்பிடியைப் பதினோரு சுற்று சுற்றுவாள். க்ரீச், க்ரீச். தலைப்பக்கம் மெல்ல எழும். ஆளில்லாத தலையணைக்குப் பக்கத்தில் தேநீரை வைத்துவிட்டு, அது ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருப்பாள். பிறகு பதினோரு சுற்று கீழே. சாப்பாடு பாதியாகிவிட்டது. பேச்சு அதிலும் பாதி.

"அந்தக் கட்டில் வெளிய போனாத்தான் அம்மா திரும்பி வருவாங்கண்ணா" என்று தங்கை சொல்லிவிட்டாள்.

தங்கையின் கணவர் பழைய கார் வாங்கி விற்பவர். விலை வைப்பதில் கரை கண்டவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"மச்சான், பாதியாக் குறைங்க. அடிச்சுப் புடிச்சு வருவாங்க."

புள்ளி ஒன்பதாயிரம் ஆக்கினார். வந்தார்கள், போனில். "இவ்ளோ கம்மியா இருக்கே, ஒருத்தர்தான் போனாரா? ரெண்டு பேரா?"

நாலாயிரம் ஆக்கினார். பழைய இரும்புக்காரர் ஒருவர் எடை கேட்டார். இன்னொருவர், படத்தில் தலையணைப் பக்கம் தெரிகிற டம்ளரும் சேர்த்தா என்று கேட்டார்.

சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டார். ஒரு பெண்மணி ரொம்பப் பொறுமையாக விசாரித்தாள்: "எடுத்துட்டுப் போக எங்களுக்கு எவ்ளோ தருவீங்க?"

"விலையைக் குறைக்கக் குறைக்கச் சாவு கூடிக்கிட்டே போகுது மாப்ளே" என்றார் புள்ளி.

"விலையில தப்பில்ல மச்சான். எழுத்துலதான் இருக்கு." மாப்பிள்ளை போனை வாங்கி விரலை வைத்துக் காட்டினார். "காலமானார். இதுல முதல் ரெண்டெழுத்தை மட்டும் மாத்துங்க. குணமானார். விலை இருபத்தஞ்சு."

"அது திருத்தமில்ல மாப்ளே. பொய்."

"அத்தை தெனமும் டீ வைக்கிறாங்களே, அது யாருக்கு? அது மட்டும் மெய்யா?"

புள்ளி இரண்டெழுத்தையும் மாற்றினார். சரியாக இருந்த ஒன்றை அவர் கை தப்பாக்கியது அதுதான் முதல் தடவை.

அரை மணி நேரத்தில் போன் சூடாகிவிட்டது. ஒருவரும் பேரம் பேசவில்லை. தலைமாடு எந்தப் பக்கம் இருந்தது? ஜன்னல் எந்தப் பக்கம்? எத்தனையாவது நாள் எழுந்தார்? எந்தக் காலை முதலில் ஊன்றினார்?

புள்ளிக்குச் சொந்தமாகக் கற்பனை வராது. தெரிந்ததைச் சொன்னார்: "நாப்பத்தொண்ணாம் நாள். வலது கால்."

அது அவருக்குக் கட்டிலை விற்ற வீட்டார் சொன்னது. இதே செயலியில்தான் அதை வாங்கினார். "எங்க பெரியம்மா நாப்பத்தொண்ணாம் நாள் எழுந்து வலது காலை ஊனினாங்க" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சொன்ன விலையைக் கொடுத்தார். வீட்டு நாட்காட்டியில் நாற்பத்தொன்றாம் நாளை வட்டமிட்டார். அன்று காலை அப்பாவை அணைத்துத் தூக்கி, வலது பாதத்தைத் தரையில் வைத்தார். அப்பா மகனின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அப்படியே சரிந்தார். அதன்பின் பதினேழு நாள். ஒருத்தியை நடக்கவைத்த கட்டில் இந்த வீட்டில் தோற்றது என்றால் கோளாறு கட்டிலில் இருக்க முடியாது, தூக்கிய கையில்தான் இருக்க வேண்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வருவதாக உறுதியாகச் சொன்னவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அம்மா நாலு வாரமாகப் படுக்கையில்.

"விலையைப் பத்திப் பேச்சே இல்ல சார். உங்கப்பா நடக்கிறத ஒரு தடவை பார்த்துட்டாப் போதும். வீடியோ எடுத்து அம்மாவுக்குக் காட்டணும்."

புள்ளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மாடியைப் பார்த்தார். மாடியில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் குடியிருந்தார். அப்பாவின் வயது, அப்பாவின் உயரம், பொழுதுதான் போகவில்லை.

"நடக்கணும், அவ்ளோதானே? ஓடுற பஸ்ஸுல முப்பத்தஞ்சு வருஷம் நடந்தவன் தம்பி நான்" என்றார் கண்டக்டர். "மூச்சு வாங்கணுமா?"

"வேண்டாம் சார். நீங்க குணமாயிட்டீங்க."

"லேசா வாங்குறேன். நம்புற மாதிரி இருக்கும்."

அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை அவருக்குத் தொப்பையில் மட்டும் பிடித்தது.

ஞாயிறு மாலை அம்மாவைத் தங்கை தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். மெக்கானிக் வந்தார். கைப்பிடியைச் சுற்றி, கட்டிலின் இரும்பில் காதை வைத்துக் கேட்டார். "சக்கரத்துப் பல்லு தேயல சார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும்."

கண்டக்டர் வெறுங்காலோடு உள்ளே நுழைந்தார். இரண்டு பக்கமும் சாய்ந்து, இல்லாத கம்பியைப் பிடித்து, வளைவில் திரும்பும் பஸ்ஸுக்குள் நடப்பதுபோல அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். படமெடுத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கண் கலங்கியது.

"அந்த முதல் அடி எப்படி இருந்துச்சுங்க ஐயா?"

"முன்னால போ, முன்னால போன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கேட்டுச்சு."

அப்போதுதான் வாசலில் அம்மா நிற்பதைப் புள்ளி பார்த்தார். மணி ஐந்தாகிவிட்டது, தங்கையால் அம்மாவை நிறுத்தி வைக்க முடியவில்லை.

அம்மா தன் புருஷனின் சட்டைக்குள் இருந்த மாடிவீட்டுக்காரரைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். போனைப் பிடித்துக்கொண்டு அழுகிற அந்நியரைப் பார்த்தாள்.

"ஐயா நடக்கிறதப் பார்த்தா எங்கம்மாவும் எழுந்துருவாங்கம்மா" என்றார் மெக்கானிக்.

அம்மா கண்டக்டரிடம் சொன்னாள்: "வெறுங்காலோட நடக்காதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது? போய்ச் செருப்பைப் போடுங்க."

கண்டக்டர் மறுபேச்சில்லாமல் போய்ப் போட்டுக்கொண்டார். அம்மா தேநீர் போடச் சமையலறைக்குள் போனாள். டம்ளர்கள் எடுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு மாதத்தில் அவள் யாரையும் அதட்டியதில்லை. ஒன்றுக்குமேல் டம்ளர் எடுத்ததுமில்லை.

அந்தச் சத்தத்தில் புள்ளி உடைந்துபோனார். மெக்கானிக் பணத்தை நீட்டியபோது, "பத்தாயிரம் போதுங்க" என்றார்.

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. "ஏன் சார் குறைக்கிறீங்க? ஐயாவுக்கு மறுபடி ஏதாவது..."

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப இருபத்தஞ்சே இருக்கட்டும் சார். குறைச்சு வாங்கினேன்னு தெரிஞ்சா எங்கம்மா நம்ப மாட்டாங்க."

புள்ளி வாங்கிக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணுதானே சார்?" மெக்கானிக் போனில் தேதியைக் குறித்தார்.

"குறிச்சுக்கங்க. ஆனா அன்னைக்கு அவங்களா எழுந்திரிக்கலேன்னா நீங்க தூக்கி நிறுத்திப் பார்க்காதீங்க. கையைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருங்க, போதும்."

அவருக்குத் தெரிந்த ஒரே மெய் அதுதான். மெக்கானிக் தலையாட்டிவிட்டு பைக்கில் முன்னால் போனார்.

கட்டிலை ஏற்ற வந்தவர், அன்று அதைக் கொண்டுவந்து இறக்கிய அதே வண்டிக்காரர். புள்ளியின் போனில் வண்டிக்கென்று இருந்தது அந்த ஒரு எண்தான். கட்டிலின் பின்பக்க இடது காலில் ஒரு திருகு, எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். வண்டிக்காரர் குனிந்துகூடப் பார்க்காமல் அதை எதிர்ப்பக்கம் சுற்றிக் கழற்றினார். ஏற்றிக் கயிறு கட்டும்போது சாதாரணமாகக் கேட்டார்:

"நாப்பத்தொண்ணாம் நாளா சார்? வலது காலா?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

வண்டிக்காரர் வாசல் பக்கம் திரும்பினார். நீலக் கட்டம் போட்ட சட்டையில், காலில் செருப்போடு, கண்டக்டர் அம்மா கொடுத்த தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் பஸ்ஸில் போகாதவர் அந்த வட்டாரத்தில் யார்? வண்டிக்காரர் கடைசி முடிச்சையும் போட்டு, கயிற்றை ஒரு தட்டு தட்டினார்.

"இந்தக் கட்டிலை நான் ஏத்துறது இது அஞ்சாவது வீடு சார். எல்லா வீட்லயும் அதே நாள், அதே கால்தான். ஆனா மத்த நாலு வீட்லயும் வாய்தான் நடந்துச்சு. ஆளைக் கூட்டிட்டு வந்து நடக்கவிட்டது நீங்க மட்டுந்தான்."