"அவர்களே" தின்ற ஒலிநாடா

மைக்கைப் பிடித்து யாராவது "அவர்களே, அவர்களே" என்று ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாண வீடென்றாலும் எழுந்து வெளியே போய்விடுவேன். (சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நாலு பேர் பின்னாலேயே ஓடி வருவார்கள். அது தனித் தொல்லை.)

எழுபதுகளில் நடந்தது இது. செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். ஊர்களின் பழைய கதையை ஊர்க்காரர்கள் வாயாலேயே பதிவு செய்ய மெட்ராஸிலிருந்து வானொலிக்காரர் ஒருவர் வருகிறார் என்று தகவல் வந்தது. காலனியில் முதன்முதலாக டீச்சர் ஆனவள் நான்தான் என்பதால் ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரின் சரித்திரமே என் கைப்பைக்குள் இருக்கிற மாதிரி ஒரு நடை நடந்தேன்.

என் அத்தை முனியம்மாவுக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருந்தது. ஆற்று மணலில் ஊறும் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவரும் ஊற்றுக்கால்வாயை வருஷா வருஷம் காலனியிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆள் போய்த் தூர் வார வேண்டும். (வயல் ஊர்த்தெருக்காரர்களுடையது. மண் சுமந்தது நாங்கள்.) அப்படிப் போன அத்தையின் அக்கா குப்பம்மாள், கரை சரிந்து மண்ணோடு புதைந்துபோனாள். கல்யாணம்கூட ஆகாத பெண். அவள் பேரை ஊரில் ஒருத்தரும் எடுப்பதில்லை. கால்வாய் என்றால் பஞ்சாயத்துத் தலைவரின் தாத்தா பேச்சுதான்.

"எங்க அக்கா பேர ரேடியோல ஒரு தபா சொல்லிட்டா போதும்மா எனக்கு," என்றாள் அத்தை. விடியும் முன்பே தலைக்கு ஊற்றிக்கொண்டு, பெட்டியிலிருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

"நீ கடைசில பேசு அத்தே. அப்பதான் மனசுல நிக்கும்," என்றேன் நான். பெரிய மேதாவி.

பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஊர்த்தெருக்காரர்களுக்கு நாற்காலி, எங்களுக்குத் தரை. "இந்த ஊருக்கு ஒரு சுருள் நாடாதான். சுருக்கமா பேசுங்க," என்று வானொலிக்காரர் கெஞ்சினார்.

வரவேற்புரை நான். முதல் "அவர்களே"யைப் போட்டவளும் நான்தான், மறுக்கவில்லை. ஒருத்தர் பேரையும் விடாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்து பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து அத்தனை பேரையும் மறுபடி அழைத்தார். பால் சொசைட்டித் தலைவர் பேர் மட்டும் விட்டுப்போயிற்று. மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டுக்கே போய்விட்டார். கையைக் காலைப் பிடித்து அழைத்துவந்து, சால்வை போட்டு, பேரைக் கடைசியில் சேர்த்தால் அவமரியாதை என்று தலைவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவருக்கு நன்றி சொல்ல எழுந்த பால் சொசைட்டியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

வானொலிக்காரர் மெல்ல இயந்திரத்தை நிறுத்தினார். உடனே தலைவர், "இன்னா சார், சக்கரம் நின்னுபோச்சு? எங்க ஊருன்னா எளக்காரமா?" என்றார். பாவம், திரும்பவும் சுற்றவிட்டார். கடைசியாகத் தலைவர், "எங்க தாத்தா ஒத்த ஆளா வெட்டுன கால்வாய் இது," என்று ஒரு வாக்கியம் சரித்திரம் சொன்னார்.

அத்தை எழுந்து வருவதற்கும் நாடா முடிந்து படபடவென்று அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"நாடா தீர்ந்துடுச்சும்மா," என்றார் வானொலிக்காரர்.

அத்தை நாற்காலி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தினி அவர்களேக்கு எடம் இருந்துச்சு. மண்ணுல பொதைஞ்ச எங்க அக்கா ஒருத்திக்கு எடம் இல்லியா?"

"அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை. வுடுமா," என்றார் தலைவர்.

அத்தை விடவில்லை. செத்துப்போன மைக்கின் முன் நின்று முழுக் கதையையும் சொன்னாள். நாற்காலிகள் பாதியிலேயே போண்டா சாப்பிடப் போய்விட்டன. போய் அந்தத் தட்டைக் கவிழ்த்திருக்கலாம். படித்த பெண் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வானொலியில் வந்தது தலைவரின் தாத்தாவைப் பற்றிய அந்த ஒரு வாக்கியம் மட்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும், மைக்கைப் பிடிப்பவர் முதலில் "குப்பம்மாள் அவர்களே" என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். வந்தவர்கள் விழிப்பார்கள்.

போன வருஷம் தம்பி மகன் கல்யாணத்தில், வாழ்த்த வந்த கட்சிக்காரர் ஒருவர் என் காதருகில் குனிந்து, "குப்பம்மாள்னு சொல்றாங்களே, எந்த வார்டும்மா? அவங்களுக்குச் சால்வ எடுத்தாரலியே," என்று பதறினார்.

"சால்வ வேணாம் சார். அவங்க பேர மொதல்ல சொல்லிடுங்க, போதும்," என்றேன்.

மேடையேறினார். தொண்டையைச் செருமினார். "பெருமதிப்பிற்குரிய அம்மையார் குப்பம்மாள் அவர்களே," என்று மண்டபம் அதிர ஆரம்பித்தார். காலனியே எழுந்து நின்று கைதட்டியது.