போன வருஷத்து மழைக்குக் குடை பிடிப்பவர்

ஆபத்தை நினைத்து நடுங்குகிறவர்கள் உண்டு. வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று கொட்டாவி விடுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது பிறவி ஒன்று நம்மிடையே நடமாடுகிறது. சுறுசுறுப்பானது, பொறுப்பானது, பருவம் தொடங்குவதற்கு முன்பே சிமெண்டும் கயிறும் வாங்கி வைப்பது. அதற்கு ஒரே ஒரு கோளாறுதான். வரப்போகும் ஆபத்துக்கு அது தயாராவதில்லை. வந்து போன ஆபத்துக்குத்தான் தயாராகிறது.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் தெருவில் இருப்பவர் மெத்தைக் கடைக்காரர். முன்னால் தகரக் கூரை போட்ட கடை, பின்னால் வீடு, மைத்துனர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இவ்வளவு வசதி இருந்தும் மனிதர் வாயைத் திறந்தால் முதலில் விழுகிற வார்த்தை “போன வருஷம்” என்பதுதான். அதனால் தெருவே அவருக்கு அதைப் பெயராக வைத்துவிட்டது. “போன வருஷம் கடையில இருக்காரா?” என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும்.

மெத்தை வியாபாரத்துக்கு முதல் எதிரி தண்ணீர். மெத்தை தண்ணீரைப் பார்த்தால் குடிக்காமல் விடாது, குடித்ததைத் திருப்பியும் தராது. ஒரு மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வாசல் வழியாகவும், கடையின் தரையில் இருந்த வடிகால் ஓட்டை வழியாகவும் உள்ளே புகுந்து, கீழ்வரிசை மெத்தைகளையெல்லாம் தீர்த்துவிட்டது. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். நம்மவர் வெள்ளம் வடிந்த மறுவாரம் போட்டார். வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கெட்டியான சுவர், வடிகால் ஓட்டைக்கு சிமெண்ட் பூச்சு, மெத்தைகளெல்லாம் தரையை விட்டு எழுந்து கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. வாடிக்கையாளர்களான நாங்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துச் சுவரைத் தாண்டிக் கடைக்குள் போனோம். கோட்டைக்குள் நுழைகிற மாதிரி இருந்தது.

இன்சூரன்ஸ்? அதையும் விடவில்லை. மைத்துனர் படித்துப் படித்துச் சொன்னார்.

“மாமா, வெள்ளம், காத்து, தீ, குழாய் ஒழுகறது எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பாலிசியா எடுத்துடுங்க.”

“போன வருஷம் காத்தா அடிச்சுது மாப்ள? தண்ணிதானே வந்துது. தண்ணிக்கு மட்டும் போடு.”

அடுத்த மழைக்காலத்தில் சொட்டுத் தண்ணீர்கூட வாசலுக்கு வரவில்லை. காற்று வந்தது. கூரைத் தகரத்தில் பாதியைக் கழற்றி அடுத்த தெருவில் வைத்துவிட்டுப் போனது. தகரம் போன இடத்தில் மழை இறங்கியது. மேலே மேலே என்று ஏற்றி வைத்த மெத்தைகள்தான் முதலில் நனைந்தன. வீட்டு மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியும் கவிழ்ந்தது. கரண்ட் வேறு இல்லை. குடும்பம் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வரிசையில் நின்றது. பாலிசியை எடுத்துப் பார்த்தால் அதில் காற்று என்ற சொல்லே கிடையாது.

வேறொருவராக இருந்தால் இதிலிருந்து ஒரு பாடம் கற்றிருப்பார். இவரும் கற்றார். காற்றைப் பற்றிக் கற்றார்.

கூரையைச் சங்கிலி போட்டுக் கட்டினார். மெத்தைகளை மேலிருந்து இறக்கித் தரையில் அடுக்கினார். இனிமேல் தொட்டியைக் காற்று தொடக் கூடாது என்று அதை மாடியிலிருந்து கீழே கொண்டு வந்து, கடைக்குள்ளேயே ஒரு மூலையில் இரும்புக் கால் போட்டு உட்கார வைத்தார். அவரிடம் ஒரு கார் உண்டு. அதையாவது விட்டாரா? வெள்ள வருடத்தில் அது பள்ளத்தில் நின்று மூழ்கியது. காற்று வருடத்தில் மேட்டில் மரத்தடியில் நின்று கிளையைத் தலையில் வாங்கியது. ஆகவே பள்ளமும் மரமும் இல்லாத ஒரு மைதானத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே கொண்டு போய் நிறுத்தினார். அந்தக் காரை எடுக்க அவர் பஸ்ஸில் போக வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஒரு கல்லூரி விடுதியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. திறக்கும் நாளுக்கு முன் மொத்த மெத்தையும் வந்து சேர வேண்டும். இரண்டு வருடம் அடுத்தடுத்து அடிவாங்கிய கடை. அவர் மனைவி அத்தனை மெத்தைக்கும் தன் கையாலேயே உறை தைத்தார். “இது ஒண்ணு கைவிட்டுப் போச்சுன்னா கடையை மூடிட வேண்டியதுதாங்க. அப்புறம் என்கிட்ட போன வருஷக் கதை பேசாதீங்க” என்று சொல்லியும் வைத்தார். விடுதி மெத்தைகளை மட்டும் தரையில் வைக்க விடாமல் பலகை போட்டு அதன்மேல் அடுக்கினார். கணவர் சிரித்தார். தரைக்கு என்ன வரப்போகிறது?

உறை வேலை முடியப்போகிற ஒரு நாள், நல்ல வெயில். போன வருஷம் தண்ணீர் இல்லாமல் தவித்தோமே என்று மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்ப விட்டுவிட்டு, நம்மவர் மைத்துனரின் அலுவலகத்துக்குப் போய்விட்டார். எதற்கு? காற்றுக்குப் பாலிசி எடுக்க. வெள்ளத்துக்கு வேண்டாம், அதற்குத்தான் சுவர் இருக்கிறதே. மனைவி பின்னால் தையல் மிஷினில் கடைசி உறைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் தொட்டி வழிகிற சத்தம் கேட்கவில்லை. காலில் ஈரம் பட்டபோதுதான் எழுந்து ஓடினார். மோட்டாரை அணைத்தார், போனை எடுத்தார்.

“என்னங்க, கடைக்குள்ள தண்ணி.”

“காத்து அடிக்குதா?”

“இல்லீங்க.”

“தெருவுல வெள்ளமா?”

“தெரு காஞ்சு கெடக்கு. கடைக்குள்ளதான் தண்ணி.”

“வெளிய இல்லாத தண்ணி உள்ள எப்படிம்மா வரும்?”

கேள்வி என்னவோ நியாயமானதுதான். ஆனால் தண்ணீருக்கு நியாயம் தெரியவில்லை. வடிகால் ஓட்டை சிமெண்டுக்குள் இருந்தது. வாசலில் சுவர் இருந்தது. உள்ளே கடை குளமாகி, தரையில் அடுக்கிய மெத்தைகள் ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தன. விடுதி மெத்தைகளின் பலகைக்கும் தண்ணீருக்கும் இடையே விரற்கடை தூரம்தான் இருந்தது. மோட்டாரை அணைத்தும் தொட்டியின் புதுக் குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டு, நிறைந்த தொட்டி முழுக்க உள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சொந்தத் தொட்டியில் வெள்ளத்தை அன்றுதான் பார்த்தேன்.

காய்ந்த தெருவில் நின்று நாங்கள் வேடிக்கை பார்த்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். வாளியால் இறைத்தோம். இறைப்பதைவிட வருவது அதிகமாக இருந்தது. அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு சம்மட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். அதே நேரம் மைத்துனரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து கணவரும் வந்து சேர்ந்தார். இறங்கியவர் நேரே போய் எதன் முன்னால் நின்றார் தெரியுமா? சுவரின் முன்னால்.

“உடைக்காதம்மா. மழைக்காலம் வருது. தெருத் தண்ணி உள்ள வந்துடும்.”

“வரட்டுங்க. உள்ள இருக்கிற தண்ணி முதல்ல வெளிய போகட்டும்.”

“மாப்ள, நாமளே உடைச்சா கிளெய்ம் வருமா?”

மைத்துனர் ஒரு பார்வை கடைக்குள் பார்த்தார், ஒரு பார்வை அக்காவைப் பார்த்தார். “மாமா, நீங்க இப்பத்தான் காத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க. இது எந்தக் காத்துன்னு நான் எழுதறது? முதல்ல தள்ளி நில்லுங்க. அக்கா கையில சம்மட்டி இருக்கு.”

தள்ளி நின்றார். சுவர் உண்மையிலேயே கெட்டியான சுவர்தான். அந்த அம்மாள் தலைமுடி கலைந்து, மூச்சு வாங்கி, மூன்று வருடக் கோபத்தையும் அதில் இறக்கின பிறகுதான் பிளந்தது. தண்ணீர் தெருவில் பாய்ந்தது. பலகைக்கு மேலே இருந்ததெல்லாம் தப்பியது, கீழே இருந்ததெல்லாம் போனது. ஆர்டர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடையும் மூடாமல் பிழைத்தது. எனக்கு அன்று அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

இது நடந்தது போன வருஷம். நேற்று அந்தக் கடைப் பக்கம் போனேன். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, வாசலில் சுவரே இல்லை. தொட்டியின் தலையில் ஒரு மணி கட்டியிருக்கிறார். நிறைந்தால் தெருவே எழுந்திருக்கும். குழாய் ஒழுகலுக்கு மட்டும் தனிப் பாலிசியாம்.

“மழை வர்ற மாதிரி இருக்கே, சுவர் வைக்கலையா?” என்று கேட்டேன்.

“போன வருஷம் சுவராலதாங்க கெட்டுது” என்றார்.

உடைந்த செங்கல்களை அவர் மனைவி தூக்கி எறியவில்லை. பின்பக்கம் சாக்குப் போட்டு மூடி, ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார். எப்படியும் அடுத்த வருஷம் கணவர் கேட்பார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருமுறை எழுந்து போய், நம் வீட்டு மோட்டாரை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வந்தீர்களே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? அவராவது தன் கடையில் புகுந்த தண்ணீருக்குப் பயப்படுகிறார். நீங்கள் அவர் கடையில் புகுந்த தண்ணீருக்குப் பயந்து ஓடினீர்கள். போகட்டும், மோட்டார் அணைந்துதான் இருந்தது. திரும்பி வரும்போது ஜன்னலைச் சாத்தினீர்களா?