இருபத்தைந்து டன் மேல்மண்

டிப்பர் லாரி மண்ணைக் கொட்டிவிட்டு ரிவர்ஸ் எடுத்துப் போன பிறகுதான், தன் பைக்கை எங்கே நிறுத்தினோம் என்று கோகுலகிருஷ்ணன் தேட ஆரம்பித்தார். அதன் வலது பக்கக் கண்ணாடி மட்டும் மண்குவியலுக்கு வெளியே தெரிந்தது.

"என்னங்க ஆண்டவர், இவ்வளவு மண்ணு?"

ஆண்டவர் என்பது துறையூர் ரோட்டில் மண், ஜல்லி, எம்.சாண்ட் விற்பவரின் பெயர். பெயர் அப்படி அமைந்துவிட்டதால் அவரைத் திட்டுவதற்கு வாடிக்கையாளர்கள் சற்றுத் தயங்குவார்கள். தொழிலில் அது அவருக்கு நன்றாகவே உதவியிருந்தது.

"நீங்கதான சார் இருபத்தஞ்சு டன்னுன்னு சொன்னீங்க?"

"ஒரு லோடுன்னா இருபத்தஞ்சு டன்னுதான?"

"அது சிமெண்டுக்கு சார். மண்ணை யாரும் டன்னுல கேக்க மாட்டாங்க. யூனிட்டுதான். இந்த வாசலுக்கு ரெண்டு யூனிட்டு போதும். இது ஆறு."

"இதை போன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சிமெண்ட் கம்பெனி ஆபீசரு. உங்களுக்குப் போயி நான் கணக்கு சொல்லித் தரலாமா?"

கோகுலகிருஷ்ணன் இருபத்திரண்டு வருடமாக அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் டிஸ்பாச் செக்ஷனில் இருக்கிறார். லாரிகளை நிரப்பி அனுப்புவது வேலை. மனிதருக்கு உலகத்தில் உள்ள எல்லாமே டன்தான். மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தபோதுகூட, லக்கேஜ் கால் டன் இருக்கும் என்றுதான் சொன்னார்.

"பாதியைத் திரும்ப அள்ளிக்குங்க," என்றார்.

"கொட்டுன மண்ணைத் திரும்ப அள்ளுனா ராசியில்லைங்க," என்று சொல்லிவிட்டு ஆண்டவர் தன் ஸ்கூட்டரில் கிளம்பினார்.

பெரம்பலூருக்கு வெளியே, புது நகர் ஒன்றில் கட்டிய புது வீடு அது. வாசலில் இருபதுக்கு முப்பது அடி காலி இடம். அங்கே இருபத்தைந்து நாளில் பச்சைப் பசேலென்று ஒரு லான் வந்தாக வேண்டும். ஏனென்றால் இருபத்தைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஜெனரல் மேனேஜர் பழனிவேல் தம் மனைவியோடு சாப்பிட வருகிறார்.

அவர் கிரகப்பிரவேசத்துக்கே வந்திருக்க வேண்டியவர். வர முடியவில்லை. "இன்னொரு நாள் வரோம். கார்டன் எல்லாம் போட்டிருப்பீங்கள்ல? எங்க வீட்டம்மாவுக்குத் தோட்டம்னா உயிரு," என்று போனில் சொல்லியிருந்தார். கோகுலகிருஷ்ணனும் சற்றும் யோசிக்காமல், "லானே போட்டிருக்கோம் சார்," என்று சொல்லிவிட்டார். அப்போது அங்கே ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது.

இது வெறும் வாய்ச் சவடால் என்றால் விட்டுத்தள்ளலாம். அதற்கு மறுநாள்தான் பக்கத்து மேஜை மரிய ஆல்பர்ட் அவரைக் கேன்டீன் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, ராஜஸ்தான் பிளான்ட்டுக்கு டிரான்ஸ்பர் லிஸ்ட் போடுறாங்களாம். நம்ம செக்ஷன்ல உங்க பேரு அடிபடுது."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்னண்ணே. ஜி.எம். யாரு வூட்டுல உக்காந்து சாப்பிட்டாலும் அந்த ஆளை மாத்த மாட்டாரு. இதுவரைக்கும் அப்படித்தான். பாத்து நடந்துக்குங்க."

கோகுலகிருஷ்ணன் இருபத்திரண்டு வருடம் வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு வாழ்ந்தவர். சொந்த வீட்டில் காலண்டர் மாட்டி நாற்பது நாள்தான் ஆகிறது. இதை விட்டுவிட்டு ராஜஸ்தானில் போய் உட்கார்வதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. அன்று மாலை வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம், சுண்ணாம்பு உதிர்கிறதா என்று கேட்டாள் மனைவி அனுசுயா.

அந்த அனுசுயா இப்போது வெளியே வந்தாள். குவியலில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தாள். சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் நனைத்து இறுக்கிப் பிடித்தாள். கையைத் திறந்ததும் அது சரளைக்கல்லும் தூளுமாகச் சிதறியது. உள்ளே ஒரு ஓட்டுச் சில்லும் பிளாஸ்டிக் குடத்தின் வாயும் இருந்தன.

"இது சவுடுங்க. ரோட்டுக்கு அடியில போடுறது. இதுல எருக்கு முளைக்கிறதே கஷ்டம்."

"மேல்மண்ணுன்னு சொல்லித்தான் வாங்குனேன்."

"புடிச்சா உருண்டையா நிக்கணும். விரலால தட்டுனா உதிரணும். அதாங்க நல்ல மண்ணு. வாங்குறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அனுசுயா செட்டிகுளத்துப் பெண். அவள் அப்பாவுக்கு நாலு ஏக்கர் சின்ன வெங்காயம். மண்ணைத் தொட்டுப் பார்த்தே, இதில் என்ன வரும், எது வராது என்று சொல்லிவிடுவாள்.

"அது வெங்காயத்துக்கு. இது லான்," என்றார் கோகுலகிருஷ்ணன்.

இரண்டு ஆட்களை வைத்து மண்ணைப் பரப்பினார். பைக் வெளியே வந்தது. வாசலுக்கு இருந்த மூன்று படிகளில் இரண்டு மண்ணுக்குள் போயின. உள்பக்கமாகத் திறக்கும் கேட் திறக்க மறுத்தது. வெல்டரைக் கூப்பிட்டு அதை ரோட்டுப் பக்கமாகத் திறக்கும்படி மாற்றினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கேட்டைத் திறக்கும்போதும் தெருவில் போகிற யாராவது ஒருவர் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்தது.

ஆண்டவருக்குப் போன் போட்டார்.

"சவுடுல எப்படி சார் புல்லு வரும்? அது சும்மா அடித்தளம். அதுக்கு மேல கரிசல் போடணும்."

"முதல்லயே கரிசலைப் போட்டிருக்கலாமே?"

"அடித்தளம் இல்லாம எப்படி சார்? நீங்க சிமெண்ட் கம்பெனியில இருந்துக்கிட்டு இப்படிக் கேக்கலாமா?"

கோகுலகிருஷ்ணன் இந்த முறை டன் என்று சொல்லாமல், "மூணு யூனிட்டு," என்று ரொம்ப அனுபவம் உள்ளவர்போலச் சொன்னார். குன்னம் பக்கத்திலிருந்து நல்ல கறுப்பு மண் வந்தது. மூன்றாவது படியும் உள்ளே போனது.

அதோடு விட்டிருந்தால்கூட ஏதாவது முளைத்திருக்கும். ஆனால் அவருக்குத் தொழில் புத்தி போகவில்லை. ஆலையிலிருந்து ஒரு திமிசுக்கட்டையைக் கடன் வாங்கி வந்தார். ஞாயிறு முழுக்க வாசலை இடித்து இறுக்கினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு, புதுக் கான்கிரீட் இறுகச் செய்வதுபோலக் கோணிச் சாக்குகளை விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் அனுசுயா.

"க்யூரிங்."

"ஏங்க, மண்ணுக்கு யாராவது க்யூரிங் பண்ணுவாங்களா? அதை ஏர் ஓட்டுன மாதிரி பொலபொலன்னு கிளறி, எருவும் மணலும் கலந்து விடணும். மூச்சு விட வேணாமா அது?"

"தளம் ஸ்ட்ராங்கா இருக்கணும் அனுசுயா. நீ கொஞ்சம் சும்மா இரு."

அவள் சும்மா இருக்கவில்லை. கிணற்றடி ஓரத்தில் நாலடிப் பாத்தி ஒன்றைக் கட்டினாள். மிச்சம் இருந்த கரிசலில் ஆட்டு எருவையும் மணலையும் கலந்து, கீரை விதை தூவினாள். ஐந்தாம் நாள் கீரை எட்டிப் பார்த்தது. அதைக் கோகுலகிருஷ்ணன் பார்க்காத மாதிரி நடந்து போனார்.

ஒரு வாரம் கழித்துச் சாக்குகளை எடுத்தார். மே மாத வெயில் இரண்டு நாள் அடித்தது. இறுகிய கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. அனுசுயாவின் சாவிக்கொத்து ஒரு வெடிப்புக்குள் விழுந்து, கம்பியை வளைத்து எடுக்க வேண்டியதாயிற்று.

"கரிசல்னா வெடிக்கத்தான சார் செய்யும்," என்றார் ஆண்டவர். "அதுக்கு மேல ஏரி வண்டல் போடணும். வண்டலைப் போட்டா வூட்டு உத்தரக்கட்டையைக்கூட நட்டு வைக்கலாம், துளுத்துரும்."

"இதையும் முதல்லயே சொல்லலையே."

"முதல்ல ஏரியில தண்ணி கெடந்துச்சுல்ல?"

வண்டல் மூன்று யூனிட் வந்தது. இப்போது வாசல் வீட்டின் தரையைவிட அரையடி உயரம். ஆன்லைனில் வரவழைத்த லான் விதையைத் தூவினார். அன்று சாயங்காலமே கோடை மழை கொட்டியது. விதையில் பாதியும் வண்டலில் கொஞ்சமும் நேராக ஹாலுக்குள் வந்து சோபாவுக்கு அடியில் தங்கின.

மறுநாள் கோகுலகிருஷ்ணன் தம் சொந்தத் துறையை நம்பினார். நிலைப்படிக்கு முன்னால் அணை மாதிரி ஒரு சிமெண்ட் சுவரை எழுப்பினார். சுவரைத் தாண்டி உள்ளே இறங்க ஒரு முக்காலி போட்டார். வீட்டுக்கு ஏறிப் போவது போய், இறங்கிப் போவது என்றாயிற்று.

"கட்டுனது வீடு. இப்ப பாத்தா கிணறு," என்றாள் அனுசுயா.

ஞாயிறுக்கு எட்டு நாள் இருந்தது. அவர் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. ஆல்பர்ட் வேறு தினமும், "லிஸ்ட் கையெழுத்துக்குப் போயிருச்சாம்," என்று ஒரு தகவலோடு வருவார். ஆறு நாள் இருக்கும்போது, காலையில் பல் விளக்க வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசல் முழுக்கப் பச்சை. ஊசி ஊசியாக, அடர்த்தியாக, ஒரே சீராக.

"அனுசுயா, வந்துருச்சு. லான் வந்துருச்சு."

அவள் வந்தாள். ஒரு புல்லைப் பிடுங்கினாள். தண்டு முக்கோணமாக இருந்தது. வேரில் கறுப்பாக ஒரு சிறு கிழங்கு.

"இது கோரைங்க. ஏரி மண்ணோட வந்திருக்கு. எங்கப்பாரு வெங்காயக் கொல்லையில முப்பது வருசமா இதைத்தான் புடுங்கிக்கிட்டு இருக்காரு. இன்னும் முடியல."

"பச்சையா இருக்குல்ல?"

"இருக்கு."

"சீக்கிரத்துல சாவாதுல்ல?"

"நம்ம போன பெறவும் இருக்கும்."

"அப்ப இதுதான் லான்," என்றார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பகுதி விவசாயிகள் மருந்தடித்தும் தோண்டியும் ஒழிக்கப் பார்க்கிற கோரையை, உலகத்திலேயே முதல் ஆளாக அவர் தண்ணீர் ஊற்றி, எரு தூவி, தினமும் முடிவெட்டி வளர்த்தார்.

ஞாயிறு வந்தது. காரும் வந்தது. டிரைவர் சக்தி கதவைத் திறக்க, ஜி.எம். பழனிவேலும் அவர் மனைவி சத்யப்பிரியாவும் இறங்கினார்கள். கேட்டைத் தாண்டியதும் அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு கோரை மேல் நடந்தார்.

"இந்த மே மாசத்துல, பெரம்பலூர் வெயில்ல, எப்படிங்க இவ்வளவு பச்சை? எங்க பங்களாவுல நாலு தோட்டக்காரங்க இருக்காங்க. மஞ்சளாத்தான் நிக்குது."

"எந்த ரகம்?" என்றார் ஜி.எம்.

"நாட்டு ரகம் சார்," என்றார் கோகுலகிருஷ்ணன். அது பொய்யில்லை.

வீட்டுக்குள் முக்காலி வழியாக இறங்கும்போது ஜி.எம். முகம் மலர்ந்தது. "கீழ எறங்கிப் போற மாதிரி டிசைன். புதுசா இருக்கே, ஆர்க்கிடெக்ட் யாரு?"

"நாமளே யோசிச்சதுதான் சார். குளிர்ச்சிக்கு."

அனுசுயா சாதம் பரிமாறிக்கொண்டே ஒரு முறை இருமினாள். கோகுலகிருஷ்ணன் கவனிக்கவில்லை. சாம்பார், வத்தக்குழம்பு, வடை எல்லாம் இறங்க இறங்க, அவருக்குத் தைரியம் ஏறிக்கொண்டிருந்தது. ஜி.எம். இந்த வீட்டில் கை நனைத்தாயிற்று. இனி என்ன பயம்?

"மண்ணு எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார் சத்யப்பிரியா.

"அதுதான் மேடம் விஷயமே. எல்லாரும் மேல ஒரு மண்ணைக் கொட்டி முடிச்சிருவாங்க. நான் மூணு அடுக்கு. கீழ சவுடு, நடுவுல கரிசல், மேல வண்டல். கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், தட்டுனா உதிரணும். அதைப் பாத்துட்டுத்தான் வண்டிய உள்ள வுடுவேன்."

அனுசுயா மறுபடி இருமினாள். மேஜைக்கு அடியில் அவர் காலையும் மிதித்தாள்.

"வெயில் அதிகமா இருக்கற ஊரா இருந்தா?" என்றார் ஜி.எம்.

"வெயில் ஒரு பிரச்னையே இல்ல சார். தண்ணி கம்மியா இருந்தாலும் பரவால்ல. வெறும் பாறைய காட்டுங்க, ஒரு மாசத்துல நான் புல்லு முளைக்க வைக்கிறேன்."

ஜி.எம்.மும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். போகும்போது ஜி.எம். அவர் தோளில் தட்டி, "உங்களை இத்தனை நாளா டிஸ்பாச்சுல வெச்சு வீணடிச்சிருக்கோம்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் திரும்பியதும் கோகுலகிருஷ்ணன் கோரையின் நடுவில் உட்கார்ந்தே விட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டை ஒரு முறை முழுதாகப் பார்த்தார். இனி இது அவருடையது. ஹாலில் இன்னொரு ஆணி அடித்து இன்னொரு காலண்டர் மாட்ட வேண்டும் என்று தோன்றியது.

"பாத்தியா? வெங்காயம் வெங்காயம்னியே," என்றார்.

அனுசுயா எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

பத்து நிமிடத்தில் கார் திரும்பி வந்தது. சக்தி மட்டும் இருந்தான்.

"அம்மா செருப்பை வுட்டுட்டுப் போயிட்டாங்க சார். அவங்களை டிபன் கடையில காப்பி குடிக்க எறக்கி வுட்டுட்டு வந்தேன்."

கோகுலகிருஷ்ணன் செருப்பைத் தாமே எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சக்தி, கார்ல நம்ம பேச்சு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சுங்க சார்," என்றான் சக்தி, செருப்பை வாங்கிக்கொண்டே. "ராஜஸ்தான் லிஸ்ட்டுல உங்க பேரே இல்லியாம், அங்க கெஸ்ட் ஹவுஸ்ல மூணு வருசமா ஒரு புல்லுகூட முளைக்கலைன்னு அம்மா சொல்லவும், அய்யா ஆபீசுக்குப் போன் போட்டு இப்பத்தான் உங்க பேரை முதல் ஆளா சேக்கச் சொன்னாரு."