அரை மணியில் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் அத்தை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை என்பதால் அவள் நலத்தை விசாரித்து எழுத இயலவில்லை.

அடுத்த வாரம் பிரசவம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மகள், "அப்பா, நீயும் அம்மாவும் பக்கத்துல இருந்தாப் போதும்பா" என்று போனில் அழுகிறாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நீங்கள் அனுப்பிய விமான டிக்கெட்டில் வருவதற்கில்லை. புறப்பாடு பத்து பத்து, சேர்வது பத்து நாற்பது என்று போட்டிருக்கிறான். அட்லஸை விரித்து நூல் வைத்து அளந்தேன், ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர். அரை மணியிலா? பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராகக் குப்பை கொட்டியவன் நான். ஏழு நிமிஷம் முன்னால் வந்து நின்ற டிரைவருக்கே மெமோ கொடுத்திருக்கிறேன். நேரே விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண், "சார், ஃப்ளைட் ரெண்டரை மணி நேரம். அந்த ஊர் கடிகாரம் நம்மளவிட ரெண்டு மணி நேரம் பின்னாடி" என்றாள். "ஊரே லேட்டா ஓடுது, கேக்க ஒரு டைம் கீப்பர் இல்லையாம்மா?" என்றேன். மேனேஜர் ஓடி வந்து, மேஜை விளக்கைச் சூரியனாக்கி, பேப்பர் வெயிட்டை உருட்டி உருட்டிக் காட்டினார். மண்டையில் ஏறிவிட்டது. ஏறியதும்தான் பகீரென்றது. இரண்டு வருஷமாக நான் காலை ஏழுக்குப் போன் செய்யும்போதெல்லாம் நீங்கள் கொட்டாவி விட்டீர்களே, அங்கே அப்போது மணி ஐந்து! 'மாப்பிள்ளை சுத்த சோம்பேறி' என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மன்னிக்கணும்.

சரி, நேரக் கணக்கு தீர்ந்தது. ஆனால் ரெண்டரை மணி நேரமும் கீழே ஒண்ணுமே இல்லாம போறதாமே, இது என்ன நியாயம்? அத்தை பொறுமை இழந்து, "பயமா இருக்குன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்றாள். அப்போது பேசியதுதான் கடைசி. பயமெல்லாம் கிடையாது மாப்பிள்ளை. டிக்கெட்டைக் கையில் எடுத்தால் கால் நடுங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி நாலே நாளில் வந்துவிடுகிறோம். டாக்டர் சொன்ன தேதிக்கு அதற்கப்புறமும் மூன்று நாள் இருக்கிறது. மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லவும்.

தாயும் சேயும் நல்லபடியாகப் பிரிய எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் ரத்து. உறையை ஒட்டுவதற்குள் உங்கள் போன் வந்துவிட்டது. வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு, "அப்பா கிளம்பிட்டாரா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா என்றீர்கள். இதை விமானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், நானே நேரில் தருகிறேன். அத்தை என் கையை விடாமல் பிடித்திருப்பதால் எழுத்து கோணல். பணிப்பெண் வந்து, "உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்று கேட்டாள். "ஓட்டுறவரைக் கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லும்மா. ரெண்டரை மணி நேரமெல்லாம் என் பொண்ணு தாங்க மாட்டா" என்றேன்.