பதினோரு வீட்டுக்கு ஒரே நம்பர்

கொள்முதல் களம், நெல் மேட்டின் மேலிருந்து,
திருக்காட்டுப்பள்ளி பக்கம்.
செவ்வாய்க்கிழமை மதியம், மழை.

பதினோரு வீட்டு நெல்லை நனைய வைத்த, என் மரியாதைக்குரிய ஜோசப்ராஜ் அத்தானுக்கு,

தங்கள் கொழுந்தியாள் சான்ட்ரா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், நெல் நலமில்லை. அங்கே தாங்களும் அக்காவும் குழந்தையும் சுகமாக இருக்க அம்மா பூண்டி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். மழை நிற்பதற்கும் அதே மெழுகுவர்த்தியில் சேர்த்து வேண்டிக்கொண்டதால் எது முதலில் பலிக்கும் என்று தெரியவில்லை. இந்தக் காலத்தில் எதற்குக் காகிதக் கடிதம் என்று நினைப்பீர்கள். தாங்கள் அனுப்பிய போனில் வேறு வழியில்லை. நெதர்லாந்துக்குத் தபால் உறை கேட்டபோது தபால் நிலையத்து அக்கா, "அங்கெல்லாம் இன்னும் லெட்டர் வாங்குறாங்களா?" என்று என்னைப் பாவமாகப் பார்த்தார்.

போன் கேட்டது நான்தான், மறுக்கவில்லை. யாரும் திறந்து பார்க்க முடியாத போன் ஒன்று வேண்டும் என்று ஜூன் மாதம் வீடியோவில் தங்களிடம் கெஞ்சினேன். ஏன் கேட்டேன் என்று தாங்கள் கேட்கவில்லை, இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருப்பவள் நான் ஒருத்தி. அதனால் ரேஷன், சிலிண்டர், பயிர்க் காப்பீடு, நெல் பதிவு என்று எவன் நம்பர் கேட்டாலும் பதினோரு வீட்டுக்காரர்களும் என் நம்பரையே கொடுத்து வைத்திருக்கிறார்கள். பதினோரு வீட்டு ஓடிபியும் என் போனுக்குத்தான் வரும். கைரேகை வைத்தால் போதுமே என்பீர்கள். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்துத் தேய்ந்த கட்டைவிரலை எந்த மெஷினும் ஏற்பதில்லை அத்தான். அம்மா இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடம் ஆகிறது. ஊர் நாய்க்குக்கூட அவரைத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. எதிரில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற மனுஷி இவர்தான் என்று சொல்ல ஆறு இலக்க எண் ஒன்று என் போனில் வந்து விழ வேண்டும். நாட்டுக்கே சோறு போடுகிற விரலை முதலில் கழித்துக்கட்டிவிட்டு, பிறகு போன் வைத்திருக்கிறாயா என்று கேட்கிற திட்டத்தைப் போட்டவன் ஒரு நாளாவது சேற்றில் கை வைத்திருப்பானா? சரி, விடுங்கள், கோபம் வந்தால் கையெழுத்து மோசமாகிவிடுகிறது.

ஆக என் போன் தெருப் போன். யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், படிப்பார்கள். மே மாதம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிலிண்டர் ஓடிபி பார்க்க வந்திருந்த எதிர்வீட்டுத் தங்கமணி அத்தைதான் எடுத்துப் பேசியிருக்கிறார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், "பொம்பளப் புள்ள அவ்ளோ தூரமெல்லாம் வராதுன்னு நானே பக்குவமா சொல்லிட்டேன் பாப்பா. உனக்கெதுக்கு அந்தச் சங்கடம்?" என்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் தங்களிடம் போன் கேட்டேன்.

தாங்களும் அனுப்பினீர்கள். கூடவே நான்கு பக்கம் விளக்கம். இதில் லினக்ஸ் இருக்கிறது, உலகத்தின் எந்தப் பெரிய கம்பெனியும் உன்னை வேவு பார்க்க முடியாது, பின்மூடிக்குள் மூன்று சின்ன சுவிட்சுகள் இருக்கின்றன, கேமராவுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று, சிக்னலுக்கு ஒன்று, அணைத்தால் அணைத்ததுதான் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பம்புசெட்டு மெயின்சுவிட்ச் மாதிரியே வச்சிருக்கான். மாப்பிள்ள கெட்டிக்காரர்தான்" என்றார். முதல் முறை போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசை வரிசையாக மேலே ஏறின. நாற்றங்காலில் முளை கிளம்புவதைப் பக்கத்தில் படுத்துப் பார்ப்பதுபோல இருந்தது. இவ்வளவு மெதுவாக விழிக்கிற பொருளை நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன் அத்தான், எனக்குப் பிடித்துப்போனது. அன்றைக்கே தங்களிடம் கேட்டேன், நீங்கள் இந்த போன்தான் வைத்திருக்கிறீர்களா என்று. "சிக்னல் சரியில்லம்மா" என்று மறைந்துவிட்டீர்கள். நெதர்லாந்தில்.

நான் செய்த தப்பு, என் சிம்மை அதில் போட்டது. என் சிம் என்றுதான் நினைத்தேன். அது தெருவின் சிம் என்பது சிம் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. சின்ன சிம்முக்குத் தாங்கள் வைத்து அனுப்பிய பிளாஸ்டிக் சட்டம் உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை. கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மது அண்ணன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இழுத்தா உள்ள இருக்கிற கம்பி பிச்சிக்கும். இது போனா, இல்ல செங்கல்லாம்மா? கையச் சுடுது" என்றார். அதே நம்பரில் வேறு சிம் கேட்டால், பழைய சிம்மைக் கழற்றிக் கையில் கொண்டுவர வேண்டுமாம். பதிவில் நம்பரை மாற்றக் கேட்டால், பழைய நம்பரின் ஓடிபியோடு கைரேகையும் வேண்டுமாம். கிணற்றுக்குள் விழுந்தவனிடம், மேலே வந்து கயிறு கேட்டு விண்ணப்பம் எழுது என்கிறார்கள்.

சிம் உள்ளே இருந்தால் என்ன, போன் வேலை செய்யுமே என்பீர்கள். செய்கிறது, விழித்திருக்கும்போது. மற்ற நேரமெல்லாம் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று தூங்குகிறது. தூங்கும்போது வருகிற எதுவும் அதற்குத் தெரியாது. தூங்காமல் வைத்தால் மூன்று மணி நேரத்தில் செத்துப்போகிறது, களத்தில் சார்ஜ் போட வழியில்லை. தங்கையன் மாமா, தங்கமணி அத்தையின் வீட்டுக்காரர், வரப்பிலிருந்து ஒருநாள் கூப்பிட்டார். அவர் குரலே அவருக்குத் திரும்பிக் கேட்டிருக்கிறது. "எவனோ நடுவுல பூந்து என்ன மாதிரியே பேசுறான் பாப்பா. நான் ஹலோன்னா ஹலோங்கிறான், யாருடாங்கிறேன், யாருடாங்கிறான். தைரியத்தப் பாரு!" என்று பத்து நிமிடம் தன்னோடு தானே சண்டை போட்டுவிட்டு வந்தார். வேவு பார்க்க முடியாத போனில் தெருவுக்குக் கிடைத்த முதல் ஒற்றன் அவரேதான்.

இந்த நேரத்தில்தான் குறுவை அறுத்து, பதினோரு வீட்டு நெல்லும் களத்துக்கு வந்து சேர்ந்தது. கொள்முதல் முறை தங்களுக்கு மறந்திருக்கும். முறை வந்ததும் பதிவு செய்த நம்பருக்குத் தகவல் வரும், பத்து நிமிடத்துக்குள் ஆள் வந்து ஓடிபி சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலை ஒன்பது பத்துக்குப் பதினோரு பேருக்கும் வரிசையாகத் தகவல் வந்திருக்கிறது. போன் தூங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு நான் எழுப்பியபோது பதினோரு மணி அடித்ததுபோல ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ஓடினேன். எழுத்தர், "நேரம் தாண்டிடுச்சும்மா, கடைசிக்குப் போயிடுச்சு" என்றார். "சார், நெல்லு இங்க இருக்கு, ஆளு இங்க இருக்காங்க, நீங்களும் இங்க இருக்கீங்க" என்றேன். "ஓடிபி இல்லியேம்மா" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, அதை வைத்து மூட்டை தைக்க முடியாது.

அன்றிலிருந்து பதினோரு வீடும் களத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாததால் சம்பா நடவுக்குக்கூட யாரும் போகவில்லை. குற்றவாளி நான் என்பதால் குவியல்களைக் கிளறிக் காயவைக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வெயில் வந்தால் பரப்பி, காலாலும் கையாலும் சால் ஓட்டி, மேகம் வந்தால் கூட்டித் தார்ப்பாய் போட்டு, பதினோரு குவியலுக்கும் நான் ஒருத்தி. அம்மா எழுந்தால் தங்கமணி அத்தை, "நீங்க உட்காருங்க, அமலோற்பவம் அக்கா. போனு அவளோடதுதானே, கிளறட்டும்" என்று உட்கார வைத்துவிடுகிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடாத நாட்கள் இவைதான். மதியத்தில் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு நெல் மேட்டின் மேல் மல்லாந்து கிடப்பேன். முதுகுக்குக் கீழே நெல் வெதுவெதுப்பாக நெகிழும், வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்கும், கொக்குகள் வயலுக்கு வயல் மாறி உட்காரும், தங்கள் போன் என் வயிற்றின் மேல் தூங்கும். அப்படி ஒருநாள் கனவு கண்டேன். காவிரி எங்கள் களத்துக்கு வந்து வரிசையில் நிற்கிறது. கையில் ஈரமான சிட்டா அடங்கல். எழுத்தர் மெஷினை நீட்டுகிறார். ஆறு கையை நீட்டுகிறது. உள்ளங்கை பளபளவென்று இருக்கிறது, ஒரு ரேகை இல்லை. போன் நம்பர் கேட்கிறார். ஆறு என்னைக் காட்டுகிறது. நான் போனை உலுக்கி உலுக்கி எழுப்புகிறேன், வெள்ளை எழுத்துகள் ஏறுகின்றன, ஏறிக்கொண்டே இருக்கின்றன, வானம் வரை. பிறகு எழுத்தர் ஆற்றுக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்து, "ஈரப்பதம் கூட இருக்கு, காயவச்சு எடுத்துக்கிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆறும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனது. எழுந்தபோது என் கண்ணில் தண்ணீர். அந்தக் காவிரி அம்மாவாவது எதிர்த்துக் கேட்டிருக்கலாம் என்று கோபம்.

இப்போது மழை பெய்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். ஓரமாகத் தண்ணீர் ஓடி வருகிறது. தங்கையன் மாமா கைலியை அவிழ்த்துக் குவியலைச் சுற்றி அணை கட்டிவிட்டு, கால்சட்டையோடு நிற்கிறார். அவர் நிலம் குத்தகை நிலம், இந்த நெல் முளைத்தால் அடுத்த வருடம் அவருக்கு நிலமே கிடையாது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும்.

எனவே அத்தான், தங்கள் போனை அடுத்த தபாலில் திருப்பி அனுப்புகிறேன். சுதந்திரம் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள். என்னை வேவு பார்ப்பது எந்தக் கம்பெனியும் இல்லை, தங்கமணி அத்தை. அவருக்கு ஒரு சுவிட்ச் இருந்தால் அதை மட்டும் அனுப்புங்கள். இரண்டாவது முறையாகவும் கேட்கிறேன், தங்கள் சட்டைப் பையில் இருப்பது எந்த போன்?

அக்காவுக்கு என் அன்பு. குழந்தையின் இரண்டு உள்ளங்கைக்கும் முத்தம், ரேகை இருக்கும்போதே. தங்கள் வீட்டுக்குச் சமாதானம் உண்டாகட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார், எழுதிவிட்டேன்.

கீழ்ப்படிதலுள்ள,
சான்ட்ரா

பின்குறிப்பு. வெள்ளிக்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடாமலே வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதில் பெரும்பாலானது செல்லாது. நெல் நனையவில்லை. ஓரத்தில் நாலு மரக்கால் ஈரமானது, புதனும் வியாழனும் அடித்த வெயிலில் அதையும் கிளறிக் காயவைத்துவிட்டேன். இன்று காலை எழுத்தர், ஓடிபி வராது என்று தெரிந்தே, சும்மா பார்ப்போம் என்று அம்மாவின் கட்டைவிரலை மெஷினில் வைக்கச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தங்கையன் மாமா வைத்தார், பச்சை. "அடியேய் தங்கமணி, அதுக்கு என்னையத் தெரிஞ்சிடுச்சுடி!" என்று கத்தியது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பதினாறு நாள் நடவுக்குப் போகாமல் உட்கார்ந்ததில் பதினோரு பேருக்கும் ரேகை திரும்பி வந்திருக்கிறது. வேலை செய்தால் ஆள் யாரென்று தெரியாது, சும்மா இருந்தால் தெரியும். இந்த அரசாங்கத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை. சாயங்காலத்துக்குள் கடைசி மூட்டையும் லாரியில் ஏறிவிட்டது.

சிம்மும் வெளியே வந்துவிட்டது. ஹபீப் அண்ணனின் மனைவி அனீஸா அக்கா, பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு கீற்று வெட்டி உள்ளே செருகி, ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி எடுத்துவிட்டார். அதைப் பழைய போனில் போட்டு, போனைத் தங்கையன் மாமா வீட்டு வாசலில் ஆணியடித்து மாட்டியாயிற்று. இனி அது தெருப் போன். தங்கள் போனைத் திருப்பி அனுப்ப மாட்டேன். சிம் இல்லாமல், மூன்று சுவிட்சையும் அணைத்துவிட்டு, இனி மதியத்தில் அதில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கென்று இருக்கிற முதல் பொருள் அதுதான்.

எனக்கென்று தனி சிம் வாங்கவும் ஹபீப் அண்ணன் கடையில் நின்றேன். கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. நாலு தடவை வைத்தேன், நாலு தடவையும் சிவப்பு. பதினாறு நாள் பதினோரு வீட்டு நெல்லையும் கிளறியவள் நான், உமி என் விரலை வழித்து எடுத்திருக்கிறது. அண்ணன் ஓடிபி அனுப்பினார். அது ஆணியில் தொங்கும் போனுக்குப் போனது. அதற்கே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "ஆறு நம்பர் வந்திருக்கு, சொல்ல மாட்டேன்" என்கிறது தங்கமணி அத்தையின் குரல். "தனியா சிம்மு எதுக்கு, யாரு அந்தப் பையன்னு அவள மொதல்ல சொல்லச் சொல்லு." கடையில் ஏழு பேர் இருந்தார்கள். நேரம் தாண்டிவிட்டது.

அதே ஆணிப் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள், எனக்கு அழுகை கேட்கவில்லை. மூணாவது தடவையா கேக்கிறேன் அத்தான். உங்க சட்டைப் பையில இருக்கிறது எந்த போனு? பதில் எழுதுங்க.